நான் தொடவிடாத ஓவன்

என் சமையலறையைப் பற்றி நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கு அளவே கிடையாது. "எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க, தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று கேக் வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்வேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எனக்குக் கேக் அக்கா என்று பெயர். என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் உள்ளே வந்து பார்த்ததில்லை. வந்து பாருங்கள் என்று தானாக அழைக்கிறவள் வீட்டை யார் சோதனை போட வருவார்கள்? அந்தத் தைரியத்தில்தான் அழைத்துக்கொண்டிருந்தேன்.

பெருமையில் பாதி ஓவனால் வந்தது. பெரிய குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆபீசரின் மனைவி, வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது அது. கணவருக்கு மாற்றல் வந்து கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல் எனக்கு விற்றுவிட்டுப் போனார். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு விளக்கு. என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரிகல் பக்கம், பெர்மனென்ட். தடித்த ஒயர் இழுத்து, அதற்கென்று தனி சுவிட்சும் போட்டுக் கொடுத்தார்.

அதில் செல்ஃப் கிளீன் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். மூன்று மணி நேரம் உள்ளே உலை மாதிரிக் காயும். ஒட்டிக்கொண்டிருக்கிற எண்ணெயும் சர்க்கரையும் சாம்பலாகிவிடும். ஆறினதும் கதவு திறந்துகொள்ளும், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். இதைச் சொல்லிவிட்டு அந்த ஆபீசர் மனைவி இன்னொன்றும் சொன்னார்: "அதுக்கு முன்னாடி கம்பித் தட்டெல்லாம் வெளிய எடுத்துடணும். தடியா இருக்கிற பிசுக்கை நாமதான் சுரண்டித் துடைக்கணும். அப்படியே போட்டா புகைஞ்சிடும்." தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று கேட்ட பிறகு மிச்சத்தை யார் காதில் வாங்குவார்கள்? நான் வாங்கவில்லை. ஊர் முழுக்க "என் ஓவன் தானாவே சுத்தம் பண்ணிக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷத்தில் அந்தப் பொத்தானை நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. முதல் காரணம் பயம். அவ்வளவு சூட்டில் கதவு பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? அடுத்தது நேரம். மூன்று மணி நேரமும், அதற்கு மேல் ஆறுகிற நேரமும் ஓவனைச் சும்மா விட எனக்கு மனசு வராது. கரண்டு தயாராகிற, கரண்டுக்குக் கவலையில்லாத ஊர் எங்களுடையது, சாக்குச் சொல்ல அதுவும் இல்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மாசக் கடைசி முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன்.

மாசக் கடைசி என்றால் இங்கே ரிட்டையர்மென்ட். ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் பிளாக்குக்கு ஒருவராவது ஓய்வு பெறுவார். மாலையும் கழுத்துமாக, வெடி வெடித்து, வண்டியில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் ஆரத்தி முடிந்ததும் கேக். அந்த வாரம் என் ஓவன் அணையாது. நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரில் சிக்கனும் போட்டேன். கோழிக் கொழுப்பு தெறித்தது, அன்னாசி கேக்கின் பாகு வழிந்தது, நெய் பிஸ்கட்டின் நெய் ஒழுகியது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, தார் ரோடு போட்ட மாதிரி அடித்தட்டு கறுத்துப் போனது. பக்கச் சுவர்களில் பழுப்புக் கோடுகள். மேல்தளத்தில் கருகிய செதில்கள் தொங்கின. சில நாள் அவை கேக்கின் தலையில் உதிரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேக்கின் மேற்புறத்தை ஒரு விரல் கனத்துக்கு அறுத்து எறிந்துவிட்டு, அதன் மேல் வெள்ளைக் கிரீமைத் தடவினேன். இதை எழுதும்போது எனக்கே குமட்டுகிறது.

என் வீட்டில் வேலை செய்த அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். காலையில் ஏழரைக்கு வருவார். எங்கள் பிளாக்கில் என் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகள் அவருக்கு. பாத்திரம், தரை, துணி. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நேரில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இங்கே அவர் என்று எழுதுகிறேன். இந்த மரியாதை பெரும்பாலும் தாளில்தான் வந்திருக்கிறது, அதுவும் காலம் கடந்து. என் மாமனார் மைன்ஸுக்குக் கொடுத்த நிலத்தில் இந்த அம்மாவின் மாமியார் நடவுக்கும் களைக்கும் வந்தவர். நிலத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பெர்மனென்ட் வேலை வந்தது. அவர் வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் போகிறார். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அந்த ஐந்து வீடுகளை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படித்தவர்கள் ஊர் அல்லவா.

வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு மாதத்தில் ஒருநாள், ஓவன் கதவு திறந்திருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னாங்கம்மா இப்பிடிக் கருகிக் கெடக்குது? சுரண்டி வுடட்டுங்களா? வெந்நி ஊத்தி ஊற வச்சா வந்துடும்."

"நீ அதத் தொடாத," என்றேன். "அது தானா சுத்தம் பண்ணிக்கும்."

"தானாவா?"

"ஆமா. வெளிநாட்டு ஓவன். நீ கைய வச்சிடாத, கெட்டுப்போயிடும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். கெட்டுப்போய்விடும் என்று நான் சொன்னது பாதிப் பொய். விலை உயர்ந்த மிக்ஸி ஜாரை அவர்தான் கழுவினார், அது கெட்டுப்போகவில்லை. மீதிக் காரணம் எனக்குத் தெரியும். நான் கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்த முதல் வாரமே ஒருவர் கேட்டார், "மாவு கலக்கறது, ஓவன்ல வைக்கறது எல்லாம் நீங்கதானே?" என்று. எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. நானும் புரிந்த மாதிரியே பதில் சொன்னேன். "நான் மட்டுந்தாங்க. வேற யாரும் கை வைக்க மாட்டாங்க." அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை. வியாபாரம் என்று நினைத்தேன்.

எதிர் வீட்டு அக்காவின் கணவர் ரிட்டையர் ஆன நாளில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்று கிலோ கேக், இரண்டு அடுக்கு. அன்றைக்கே இன்னும் மூன்று வீட்டு ஆர்டர். அவசரத்தில் ஓர் அடுக்கின் மேற்புறத்தை அறுக்காமல் அப்படியே கிரீம் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அக்கா ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். பிரித்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு செதில்.

"அவர் வாயில வந்துச்சும்மா. பெரிய ஆபீசர்லாம் பக்கத்துல நிக்கறாங்க. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல."

எங்கள் ஊரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் சொல்வதற்கு ஒரே பதில் உண்டு. ஜன்னல் திட்டில், கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையில், மொட்டைமாடி வற்றலில், எங்கே கறுப்பாக இருந்தாலும் "மைன்ஸ் தூசி" என்போம். குழந்தை முகம் கழுவாமல் வந்தாலும் அதுதான். யோசிக்காமல் எனக்கும் அதுதான் வந்தது.

"தூசி பறந்து விழுந்திருக்கும்க்கா. நேத்து காத்து வேற."

அக்கா அந்தச் செதிலை விரலால் அழுத்தினார். நொறுங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். "தூசி இவ்ளோ தடியா இருக்காது. கருகின வாடை அடிக்குது பாரு."

முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவரிடம் தூசிக் கதை செல்லாது. அந்த நொடியில் நான் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கலாம். மன்னிச்சிடுங்கக்கா, ஓவனை நான் கழுவவே இல்லை. பதிலாக என் வாய் இப்படிச் சொன்னது:

"வேலைக்கு வர்றவகிட்ட ஓவனத் துடைன்னு சொல்லியிருந்தேன்க்கா. ஒழுங்கா துடைக்கல போல."

அக்காவின் முகம் மாறியது. அழுக்குக்காக மாறவில்லை. "அவளையா ஓவனத் தொட விடற?" என்றார்.

நான் உடனே, "இனிமே விட மாட்டேன்க்கா," என்றேன்.

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்வது எல்லோரும் செய்வதுதான். நான் சொன்னது அதையும் தாண்டியது. தொடவே கூடாது என்று நான் நிறுத்தி வைத்திருந்த ஒருவர் தலையில், தொட்ட குற்றத்தையும் ஒழுங்காகத் தொடாத குற்றத்தையும் சேர்த்துக் கட்டினேன். அக்கா அதைச் சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு நான் விட்ட பெருமூச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தப்பித்தோம் என்ற பெருமூச்சு.

பிளாக்கில் செய்தி பரவ ஒரு சாயங்கால வாக்கிங் போதும். ஒரே வாரத்தில் எதிர் வீடு, அதற்குப் பக்கத்து வீடு, மூலை வீடு என்று மூன்று வீடுகள் அந்த அம்மாவை நிறுத்திவிட்டன. யாரும் காரணம் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறோம், பையன் வருகிறான், மெஷின் வாங்கிவிட்டோம் என்றார்கள். அவர் என் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று கேட்டார்:

"நான் இன்னாங்கம்மா பண்ணன்? மூணு வூட்லயும் ஒரே நேரத்துல வாணாங்கறாங்க. உங்ககிட்ட யாராவது ஏதாவது சொல்லிக்கினாங்களா?"

"எனக்கு என்ன தெரியும்," என்றேன். அடுப்பில் எதுவும் இல்லை, ஆனாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அதோடு விட்டேனா? "இன்னும் அவளையே வச்சிருக்கியா?" என்று வாக்கிங்கில் ஒருத்தி கேட்டாள். நான் சொன்ன பொய்யை நானே காப்பாற்ற வேண்டியிருந்தது. மறுநாள், "கொஞ்ச நாளைக்கு வராத, ஆர்டர் கம்மியா இருக்கு," என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வீடுகளில் பின் வரிசையில் ஒரு வீடு மட்டும் அவருக்கு மிச்சம் நின்றது.

அதன் பிறகுதான் எனக்கு ஓவனைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வந்தது. சுத்தத்தின் மேல் வந்த ஆசை இல்லை. யாராவது திறந்து பார்த்துவிடுவார்களோ என்ற நடுக்கம். இது ஒரு நாள் துடைக்காமல் விட்ட அழுக்கு இல்லை, இரண்டு வருஷத்து அழுக்கு என்று கண் உள்ள எவரும் சொல்லிவிடுவார்கள். சாட்சியை அழிக்கிற அவசரம்தான் அது.

வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். கம்பித் தட்டுகளை எடுக்கவில்லை. எதையும் சுரண்டவில்லை. கிரில் சிக்கனுக்காக அடியில் விரித்த அலுமினியத் தாள்கூட அப்படியே கிடந்தது. கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. பரவாயில்லையே, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு டீ போட்டேன்.

அரை மணி நேரத்தில் வாடை கிளம்பியது. கருகிய கோழியும் வெல்லமும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை. பிறகு கதவின் மேல் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை. ஜன்னலைத் திறந்தேன். புகை தடித்தது. கண்ணாடிக்குள் பார்த்தால் அடித்தட்டில் மஞ்சளாக ஒரு தீ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக் கொழுப்பு, கேட்க வேண்டுமா. நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். திறக்கவில்லை. காலை அண்டக் கொடுத்து இழுத்தேன். சூடு ஆறும் வரை அது யாருக்கும் திறக்காது. திறக்காமல் இருந்தது நல்லதுதான், திறந்திருந்தால் என் முகம் வெந்திருக்கும். அப்போது அது தெரியவில்லை. கதறிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தேன்.

புகை ஜன்னல் வழியே ரோட்டுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டு அக்கா முதலில் ஓடிவந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது, என்னம்மா இது," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் யாரோ விறுவிறுவென்று உள்ளே வந்தார்கள். அந்த அம்மாதான். பின் வரிசை வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் புகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"கதவ இழுக்காதீங்கம்மா, கரண்ட அணைங்க!" என்றார். நான் எங்கே அணைத்தேன். அவரே பக்கவாட்டில் போய் அந்தத் தனி சுவிட்சைத் தட்டினார். தினமும் அதன் கீழே பெருக்கியவர், அது எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டார். ஃபேனைப் போட்டார். நான் போட்டு வைத்திருந்த டீ அடுப்பில் வற்றிக்கொண்டிருந்தது, அதையும் அணைத்தார். உள்ளே ஓடிய தீ மெல்ல மெல்லச் சிறுத்து அடங்கியது. அதற்குப் பிறகு அவர் போய்ச் சமையலறை வாசல்படியில் நின்றுகொண்டார். ஓவனைத் தொடவில்லை.

அக்கா குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து அந்த அம்மாவைத்தான் திட்டினார்.

"நீ ஒழுங்கா துடைச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா? ஒரு வேலை சொன்னா சுத்தமா செய்யத் தெரியாதா உனக்கு?"

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வீடுகள் ஏன் போயின என்பது அவர் முகத்தில் தெரிந்ததை நான் பார்த்தேன். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் அதத் தொட்டதே இல்லீங்க. தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. கேட்டுப் பாருங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் இருமினேன். புகை இருந்தது, இருமல் வருவது இயல்பு என்று யாரும் நினைப்பார்கள். எனக்கு இருமல் வரவில்லை. நானாக இருமினேன். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர இருமினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்த இருமலைத்தான் சொல்வேன்.

"சரி சரி, தப்பு செஞ்சிட்டு வாதம் வேற," என்றார் அக்கா.

நான் இருமி முடித்து நிமிர்ந்தபோது வாசல்படியில் அந்த அம்மா இல்லை.

ஓவன் ஆறிப் பூட்டு விட மத்தியானம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தேன். எரிந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல், மற்ற இடத்தில் பாதி வெந்து இறுகிய கறுப்பு. கம்பித் தட்டுகள் நீலம் பாரித்து வளைந்திருந்தன. அலுமினியத் தாள் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபீசர் மனைவி சொன்ன இரண்டாம் பாதியை அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன். சாம்பலைப் பழைய பிரஷ்ஷால் கூட்டி அள்ளினேன். ஆப்ப சோடாவை வெந்நீரில் குழைத்துச் சுவரெல்லாம் பூசி ஊற விட்டேன். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன், அது உடைந்ததும் மரக் கரண்டியால் சுரண்டினேன். தலையை உள்ளே விட்டால்தான் மேல்தளம் எட்டும். கறுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகி ஜாக்கெட்டுக்குள் போனது. வெந்நீர் ஊற்றி ஊற வைத்தால் வந்துவிடும் என்று அவர் சொன்னது சரிதான், வந்தது. அவர் கேட்ட அன்றைக்கே விட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருமியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "விடு, வேற ஆளா கிடைக்காது," என்றார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வீட்டில் இது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் என் வீட்டுக்கு வந்தவர், அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, பயத்தில் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. பிறகு, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, இதையும் சொன்னேன்: "நாளையிலேர்ந்து வா. இனிமே ஓவனையும் நீயே துடைக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கீரை உருவுகிற கை நின்றது.

"தொடக்கூடாதுன்னதும் நீங்கதான். நான் தொட்டுத்தான் கெட்டுதுன்னு சொன்னதும் நீங்கதான். இப்போ தொடலாம்ங்கறதும் நீங்கதானாம்மா?"

நான் கொண்டுபோனதை மன்னிப்பு என்று நினைத்திருந்தேன். சமைக்கிறபோது தள்ளி நிற்க வேண்டியவர் அழுக்கானதும் உள்ளே வரலாம் என்று சொல்வதற்கு அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுப் போயிருக்கிறேன்.

"உங்க வூட்டுக்கு நான் வரலீங்க," என்றார். "அந்த மூணு வூட்லயும் போயி நெசத்தச் சொல்லுங்க. அது போதும். ஓவன நீங்களே தொடச்சிக்குங்க."

அன்றைக்கே சொல்லிவிடுவதென்று திரும்பினேன். பிளாக்கின் வாட்ஸ்ஆப் குரூப்பில் எழுதலாமா என்று வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். "சின்ன தவறான புரிதல்" என்று விரல் அடிக்க ஆரம்பித்தது. அழித்தேன். என் விரலும் என் வாய் மாதிரித்தான். நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆர்டரெல்லாம் போகும், கேக் அக்கா என்ற பெயர் சந்தி சிரிக்கும், போகட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதலில் எதிர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஓவனை இரண்டு வருஷமாக நான் கழுவவில்லை. அந்தச் செதில் என் அழுக்கு. அந்த அம்மாவை அதைத் தொடவே நான் விட்டதில்லை, ஒரு நாள்கூட. நேற்று அவர் சொன்னது உண்மை, நான் வேண்டுமென்றே இருமினேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அக்கா உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டார்.

"அப்ப அவ தொடவே இல்லையா?"

"இல்லக்கா."

"அப்பாடா," என்றார் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல வேளை. ரெண்டு வாரமா எனக்கு மனசே சரியில்ல. வந்த ஆபீசருங்க எல்லாம் சாப்பிட்டாங்களே, யாருக்காவது தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு. அழுக்கு யார் வீட்லதான் இல்ல? கழுவிட்டா போச்சு. நீதான் செஞ்சேன்னு தெரிஞ்சா போதும். அவள நாளையிலேர்ந்து வரச் சொல்லு."

அது இல்லக்கா விஷயம் என்று சொல்லியிருக்கலாம். அவர் தொட்டிருந்தால் உங்களுக்குச் சுத்தமான கேக் கிடைத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் இப்போது எழுதும்போது வருகிற வார்த்தைகள். அக்கா என்னை மன்னித்துக்கொண்டிருந்தார், அந்த மன்னிப்பை நான் நின்று வாங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். அடுத்த மாதம் தம்பி மகளுக்குப் பிறந்தநாள், இரண்டு கிலோ கேக் வேண்டும் என்றார். சரிக்கா என்று போனில் குறித்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது. வார்த்தைகள்தான் கொஞ்சம் வேறு.

இரண்டு நாள் கழித்து, காலையில் நான் கேட் அருகே பால் பாக்கெட் எடுக்க நின்றபோது அந்த அம்மா எதிர் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"மூணு வூட்லயும் கூப்ட்டு வுட்டாங்க," என்றார். "சிரிச்சிக்கினே கூப்ட்டாங்க. அப்பிடி இன்னாங்கம்மா சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன்," என்றேன். முதல் தடவையாக 'நீங்க' என்று வாயில் வந்தது. "நீங்க அந்த ஓவனத் தொடவே இல்லன்னு."

எதிர் வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓ," என்றார். "அதுக்குத்தான் சிரிச்சாங்களா."

செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பின்பக்க வழியாக எதிர் வீட்டுக்குள் போனார். நான் பால் பாக்கெட்டுடன் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு கிலோ கேக்கைச் செய்ய முடியாது என்று அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.